வங்கி மாற்றத்தை இடைநடுவில் நிறுத்தியபோது

2025ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் திகதி, புதன்கிழமை பிற்பகல், மட்டக்களப்பு நகரில் இருபத்திரண்டு வருடங்களாக நான் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையில், அந்தக் கணக்கை மூடி மீதியை வேறொரு வங்கிக்கு அனுப்புமாறு கேட்கும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன். மறுநாள் வியாழக்கிழமை எசல போயா என்பதால் வங்கிகளுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பே அதே கிளையின் வாசலில், கொடுத்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்குவதற்காக நின்றுகொண்டிருந்தேன். இடையில் வந்த அந்த ஒரு விடுமுறை நாள் இல்லாதிருந்தால் நான் எழுதப் போவது வேறு கதையாக இருந்திருக்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வீடு கல்லடியில். அந்தக் கணக்கில் எட்டரை இலட்சம் ரூபா இருந்தது. இன்னொரு வங்கியில் எனக்கு ஏற்கெனவே 6 இலட்சம் ரூபா நிலையான வைப்பு உண்டு. அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில், மூத்த பிரசைகளுக்கான சேமிப்புக் கணக்கு ஒன்றைப் பற்றி அங்கிருந்த உத்தியோகத்தர் விளக்கினார். என் பழைய வங்கி தருவதைவிட ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதம் கூடுதல் வட்டி என்றார். கொழும்பில் இருக்கும் மகளும் தொலைபேசியில், “ஏன் அம்மா சும்மா அங்க கிடக்க விடுறீங்க, மாத்திப் போடுங்களன்” என்றாள். அன்றே புதிய கணக்கைத் திறந்தேன். அதை நடைமுறைப்படுத்துவதற்காகப் பழைய வங்கியின் கைத்தொலைபேசிச் செயலி வழியாக 50,000 ரூபாவை அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் காசு போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி 8 இலட்சத்துக்காகத்தான் கணக்கை மூடும் விண்ணப்பம். அத்துடன், என் ஓய்வூதியம் வரும் மூன்றாவது வங்கியிலிருந்து ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதி 25,000 ரூபா தானாகவே புதிய கணக்குக்குப் போகும்படி, மகள் சொல்லச் சொல்ல நானே செயலியில் ஒழுங்கு செய்தேன். ஆக, ஒரே முடிவு மூன்று வெவ்வேறு வழிகளில் புறப்பட்டிருந்தது. முடிவை மாற்றும்போது மூன்றையும் தனித்தனியாகத் திருப்ப வேண்டியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போயா அன்று வீட்டில் ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்தேன். 8 இலட்சம் ரூபாவுக்கு ஒன்றேகால் சதவீதம் என்றால் வருடத்துக்கு 10,000 ரூபா. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வட்டியில் பிடிக்கும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூட்டப்பட்டது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் அதற்கான சுய பிரகடனத்தை வங்கியில் கொடுத்து அந்தப் பிடித்தத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். பழைய வங்கியில் அதை நான் கொடுத்திருந்தேன்; புதிய கணக்குக்குக் கொடுக்கவில்லை. இது சின்ன விடயம், பிறகும் செய்யலாம். ஆனால் புதிய வங்கி தந்த துண்டுப்பிரசுரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிவரி வரை வாசித்தபோது, அந்தக் கூடுதல் வட்டி காசு எதுவும் மீளப்பெறாத மாதங்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது. மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் நான் மாதம் இரண்டு முறையாவது எடுப்பவள். எனக்கு அந்த 10,000 ரூபா ஒருபோதும் வந்து சேரப்போவதில்லை.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. ஒரு வங்கி விழுந்துவிட்டால், அந்த நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு உள்ள வைப்புகள் எல்லாவற்றையும் கூட்டி, 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான் அத்திட்டம் ஈடு தரும். கணக்குக்கு 11 இலட்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ஆளுக்கு, நிறுவனத்துக்கு என்றுதான் கணக்கு. பழைய வங்கியில் சேமிப்பு எட்டரை இலட்சமும் 2 இலட்சம் நிலையான வைப்பும் சேர்ந்து பத்தரை இலட்சம், எல்லைக்குள் இருந்தது. மாற்றியிருந்தால் புதிய வங்கியில் பதினான்கரை இலட்சம் ஆகியிருக்கும். மூன்றரை இலட்சம் எல்லைக்கு வெளியே நின்றிருக்கும். அந்த வங்கி விழும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 2022இல் நாடு பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, கைக்கு வராத வட்டிக்காக அந்தப் பாதுகாப்பை விட எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, அந்த 2 இலட்சத்தின் மாத வட்டி விழுவதே நான் மூடச் சொன்ன கணக்குக்குத்தான்.

முடிவு மாறிவிட்டது. ஆனால் உடனே எழுந்து போகும் தைரியம் வரவில்லை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில், ஒரு இடத்தில் போய்ச் சொன்ன சொல்லைத் திரும்பப் போய் மாற்றுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. புதன்கிழமை பழைய வங்கியின் உத்தியோகத்தர் என் விண்ணப்பத்தை நிரப்பித் தந்து, தேநீர் கூட வேண்டுமா என்று கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை போய் “வேண்டாம்” என்றால் என்ன நினைப்பார் என்று இரவு முழுவதும் யோசித்தேன். இந்த வெட்கத்தினாலேயே, வேண்டாம் என்று தெரிந்தும் கையொப்பமிட்டதைத் தொடர விட்டவர்களை என் சக ஆசிரியர்களிடையேயே அறிவேன். காசு நம்முடையது, அதை எங்கே வைப்பது என்ற முடிவும், காசு கிளம்பும் வரைக்கும் அந்த முடிவை மாற்றும் உரிமையும் நம்முடையவை. வங்கியில் இருப்பவர்களுக்கு அது நாளாந்த வேலை.

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் தம்பிக்கு அன்றிரவு தொலைபேசி எடுத்தேன். அவன் வேளாண்மை செய்பவன். அதற்கு முந்திய வருடம், வெட்டும் மெசினின் கூலி 85,000 ரூபாவை செயலியில் அனுப்பும்போது கணக்கிலக்கத்தில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டான். பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் காசு போனது இலக்கத்தைப் பார்த்து. வங்கிக்கு ஓடினால், அவர்கள் மற்ற வங்கிக்கு எழுதி, அந்தக் கணக்குக்காரர் சம்மதித்து, மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. “அங்க போய் விழுந்திட்டுது எண்டா பிறகு அது அவன்ட காசு அக்கா. அவன் மனசு வச்சாத்தான் வரும். நீ முதல்ல உன்ட காசு எங்க நிக்குது எண்டு கேள்” என்றான். வங்கியில் போய் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவன் சொன்ன அந்தக் கடைசி வசனத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சாதாரண மக்கள் அனுப்பும் காசு பெரும்பாலும் இரண்டு பாதைகளில் போகிறது. இரண்டையும் லங்காபே நிறுவனம்தான் நடத்துகிறது. ஒன்று செஃப்ட்ஸ். 2015இல் வந்த இந்த முறையில் காசு உடனுக்குடன் போகும். இரவு, ஞாயிறு, போயா என்ற வேறுபாடு கிடையாது. மற்றது ஸ்லிப்ஸ். இதில் கொடுப்பனவுகள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, வங்கி வேலை நாட்களில் மட்டும் அனுப்பப்படும். செயலியில் நாம் விரலால் அழுத்தி அனுப்புவது பொதுவாகச் செஃப்ட்ஸ். அழுத்திய பிறகு நிறுத்துவதற்கு இடைவெளியே இல்லை. கிளையில் தாளில் எழுதிக் கொடுப்பதற்கு இடைவெளி உண்டு: ஒரு உத்தியோகத்தர் அதைக் கணினியில் பதிய வேண்டும், மேலே உள்ள இன்னொருவர் அதைப் பார்த்து அங்கீகரிக்க வேண்டும், அதன் பிறகுதான் காசு புறப்படும். பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் இடையில் நிற்கும் காசை ஒரு கடிதத்தால் நிறுத்தலாம். அங்கீகரித்து அனுப்பிய பிறகு அதே கடிதம் ஒரு வேண்டுகோள் மட்டுமே.

வெள்ளிக்கிழமை அதிகாலையில் அந்தக் கடிதத்தை எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். கணக்கிலக்கம், அடையாள அட்டை இலக்கம், விண்ணப்பம் கொடுத்த திகதி ஆகியவற்றை மேலே எழுதிவிட்டு, “09.07.2025 அன்று என்னால் கையளிக்கப்பட்ட, மேற்படி சேமிப்புக் கணக்கை மூடி மீதியை வேறு வங்கிக்கு அனுப்பும்படியான விண்ணப்பத்தை இத்தால் மீளப் பெற்றுக்கொள்கிறேன். அதன்மேல் எவ்வித நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் எனவும், கணக்கைத் தொடர்ந்து நடைமுறையில் வைத்திருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு பிரதிகள் எடுத்தேன். முதல் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி நகருக்குப் போய், கதவு திறந்ததும் நேரே அந்த உத்தியோகத்தரின் மேசைக்குப் போனேன்.

“தம்பி, என்ட காசு இப்ப எங்க நிக்குது?” என்றுதான் கேட்டேன். வணக்கம் சொன்னேனா என்பது கூட நினைவில்லை. அவர் மேசை ஓரத்திலிருந்த தட்டில் தேடினார். மேலிருந்து மூன்றாவதாக என் விண்ணப்பம் இருந்தது. அதனுடன் என் வங்கிப் புத்தகம் கிளிப்பில் மாட்டப்பட்டிருந்தது. கணக்கை மூடும்போது புத்தகத்தின் மூலையை வெட்டிவிடுவார்கள். என் புத்தகத்தின் நான்கு மூலைகளும் முழுதாக இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. “பதிஞ்சாச்சு டீச்சர். நிலையான வைப்பின்ர வட்டிக்கு வேற கணக்கு காட்ட வேணும் எண்டதால சேர் இன்னும் ஒதரைஸ் பண்ணல்ல. நீங்க நேரத்தோட வந்திட்டீங்க” என்றார். என் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் விண்ணப்பத்தின் குறுக்கே இரண்டு கோடுகளும், இரத்து என்ற சொல்லும், இரண்டு கையொப்பங்களுமாகத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இரவெல்லாம் நான் பயந்தது வீண் பயம்.

அங்கே இரண்டு விடயங்களை விடாமல் கேட்டு வாங்கினேன். என் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் நேரமும் வேண்டும் என்றேன், தந்தார்கள். கணினியில் இருந்த பதிவும் நீக்கப்பட்டதா என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். தாளில் கோடு போட்டுவிட்டு, கணினியில் பதிந்ததை யாராவது மாலையில் மறந்து அங்கீகரித்துவிட்டால் கோட்டுக்குப் பலன் இல்லை. வாயால் சொல்லிவிட்டு வருவதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். சொன்னதைக் கேட்ட உத்தியோகத்தர் அடுத்த வாரம் வாழைச்சேனைக்கோ கல்முனைக்கோ இடமாற்றம் பெற்றுப் போயிருக்கலாம். முத்திரை குத்திய தாள் நம் கையில் இருக்கும்.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. புதன்கிழமையே என் ஏடிஎம் அட்டையை வாங்கி, என் கண்முன்னால் கத்தரிக்கோலால் நடுவே வெட்டிவிட்டிருந்தார்கள். கணக்கு உயிரோடு இருந்தது, அட்டை இல்லை. புதிய அட்டைக்கு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, ஓகஸ்ட் வரை காத்திருந்தேன்; அதுவரை புத்தகத்தோடு வரிசையில் நின்றுதான் காசு எடுத்தேன். காசு போய்ச் சேரும் வரை அட்டையை என்னிடமே விட்டுவையுங்கள் என்று நான் புதன்கிழமை கேட்டிருக்கலாம். மூடும் விண்ணப்பத்துடன் அதைக் கேட்பது வழமை என்பதால் மறுத்திருக்கவும் கூடும். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். இன்னும் நல்லது, மூடவே சொல்லாமல் முதலில் பெரும்பகுதியை மட்டும் அனுப்பிவிட்டு, பழைய கணக்கைச் சிறு தொகையுடன் இரண்டு மூன்று மாதம் திறந்து வைத்திருப்பது. மூடிய கணக்கின் இலக்கம் திரும்பக் கிடைக்காது. அதில் விழ வேண்டிய வட்டியும் அதிலிருந்து போக வேண்டிய காப்புறுதிக் கட்டணமும் வழி தெரியாமல் நிற்கும்.

செயலியில் அனுப்பிய 50,000 ரூபா போய்ச் சேர்ந்த காசு. அதை இரத்துச் செய்யும்படி யாரையும் கேட்பதில் பொருள் இல்லை. ஆனால் அது போனது என் சொந்தக் கணக்குக்கு என்பதால், அங்கிருந்து நானே திருப்பி அனுப்பினேன்; செலவு 25 ரூபா. புதிய கணக்கை முற்றாக மூடவில்லை. திறந்து சில மாதங்களுக்குள் மூடினால் கட்டணம் அறவிடும் வங்கிகள் உண்டு என்பதால், முதலில் அதைக் கேட்டேன், அங்கும் அப்படித்தான். ஆகக் குறைந்த மீதியை விட்டுவைத்தேன். அந்த வங்கியில் எனக்குக் கணக்கு விளக்கியவருக்கும் நேரில் போய்ச் சொன்னேன். அவர் வட்டி நிபந்தனையைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வழியை மறந்துவிட்டேன். 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஓய்வூதியக் கணக்கிலிருந்து 25,000 ரூபா போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஞாயிறென்று பாராமல் செஃப்ட்ஸ் தன் வேலையைச் செய்திருந்தது. மகளுடன் பேசிக்கொண்டு ஒழுங்கு செய்த அந்த மாதாந்தக் கட்டளை வேறொரு வங்கியில் இருந்ததால், நான் இரத்துச் செய்தவற்றோடு அது சேரவில்லை. தொலைபேசியைத் திறந்து, திட்டமிட்ட கொடுப்பனவுகள் என்ற இடத்துக்குப் போய் அதை அழித்தேன். அழித்த பிறகு வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய், பட்டியலில் அது இல்லை என்று பார்த்தேன். இப்படி முன்கூட்டித் திகதி குறித்த கொடுப்பனவுகளை, அந்தத் திகதிக்கு முதல் நாளுக்குள் அழித்துவிட வேண்டும். அன்று காலை என்று விட்டால் பிந்திவிடும்.

என்னுடையது சேமிப்புக் கணக்கு என்பதால் இவ்வளவோடு போயிற்று. நிலையான வைப்பை முறித்து மாற்ற நினைப்பவர்கள் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும், ஏனெனில் தவணைக்கு முன் முறித்தவுடனேயே வட்டி குறைந்த வீதத்தில் திருத்திக் கணக்கிடப்படும். மனம் மாறித் திரும்பப் போட்டாலும் பழைய வீதமும் பழைய திகதியும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. காசோலையாகக் கொடுத்திருந்தால், அது காசாவதற்கு முன் காசோலை இலக்கத்தைக் குறிப்பிட்டு, கொடுப்பனவை நிறுத்தும்படி எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. காசை அனுப்பிவிட்டுப் பதற்றத்தோடு இருப்பவரைத் தேடித்தான் மோசடிக்காரரும் வருகிறார். ஒரு கொடுப்பனவை இரத்துச் செய்வதற்கென்று உங்கள் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லும்படி எந்த வங்கி உத்தியோகத்தரும் கேட்பதில்லை. கேட்டால், அவர் வங்கியிலிருந்து பேசவில்லை. அழைப்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.

எனக்கு முறைப்பாடு செய்யும் தேவை வரவில்லை. வருபவர்கள் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எங்கள் மாகாணத்தில் திருகோணமலையிலும் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே போகும்போதும் முத்திரையிட்ட அந்தப் பிரதிதான் கைகொடுக்கும்.

ஓகஸ்ட் முதல் வாரத்தில் புதிய அட்டையை எடுக்கப் போனபோது புத்தகத்தைப் பதியக் கொடுத்தேன். 50,000 போன வரி, 50,000 வந்த வரி, அதற்குக் கீழே நிலையான வைப்பின் யூலை மாத வட்டி. அந்த உத்தியோகத்தர் புத்தகத்தை நீட்டியபடி, “எல்லாம் சரி தானே டீச்சர்?” என்றார். ஓம் என்றேன். கடிதத்தின் பிரதியை அந்தப் பக்கத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.